லண்டன் என்றால் எந்த லண்டன்?

லண்டன் மேயர் யார் என்று கேட்டால், செய்தி படிக்கிற யாரும் சாதிக் கான் என்று சொல்லிவிடுவார்கள். 2016இல் இருந்து அவர்தான் மேயர். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாவது சனிக்கிழமை, ஆறு குதிரைகள் பூட்டிய தங்க நிறச் சாரட்டில் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போகிறவர் அவர் இல்லை. அவர் லார்டு மேயர் என்னும் வேறொருவர். அந்தப் பதவிக்காலம் ஒரே வருடம்தான். அவருடைய எல்லை வேறு, அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு.

ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு மேயர்? இது தெரியாததால்தான் பல தப்பான செய்திகள் பரவுகின்றன. லண்டனுக்குள் ஒரு தனி நாடு இருக்கிறது, பிரிட்டிஷ் சட்டம் அங்கே செல்லாது, மன்னரே அனுமதி வாங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும் என்றெல்லாம் யூடியூபில் அடித்துச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அது ஊர் ஊராகச் சுற்றுகிறது. உண்மைக் கதை அதைவிடச் சுவையானது. லண்டன் எப்படி வளர்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் இந்த முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும்.

## தாம்பரத்துக்காரரின் சென்னை

தாம்பரத்தில் குடியிருப்பவர் வெளியூர் உறவினரிடம் "சென்னையில் இருக்கிறோம்" என்றுதான் சொல்வார். அதில் தப்பும் இல்லை. வேலைக்கு மின்சார ரயிலில் பாரிமுனைப் பக்கம் போய் வருகிறார், சென்னைச் செய்தியைத்தான் உள்ளூர்ச் செய்தியாகப் படிக்கிறார். ஆனால் குப்பை அள்ளவில்லை என்று புகார் கொடுக்க வேண்டுமானால் அவர் போக வேண்டியது தாம்பரம் மாநகராட்சிக்கு. 2021இல் அது தனி மாநகராட்சி ஆகிவிட்டது. பட்டா வாங்கவோ செங்கல்பட்டு மாவட்டம். பேச்சு வழக்கில் ஒரே ஊராக இருப்பது நிர்வாகத்தில் பல துண்டுகளாக இருக்கிறது.

லண்டனும் இப்படித்தான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சென்னையில் பழைய மையமான ஜார்ஜ் டவுனைச் சுற்றி மாநகராட்சி விரிந்துகொண்டே போனது. இன்றைக்கு ஜார்ஜ் டவுன் அதற்குள் ஒரு பகுதி, அவ்வளவுதான். லண்டனில் பழைய மையம் கடைசிவரை விரியவே இல்லை. தன் எல்லைக்குள்ளேயே, தன் மேயரோடும் தன் போலீஸோடும் இருந்துவிட்டது. அதைச் சுற்றி வேறொரு லண்டன் வளர்ந்தது.

அந்தப் பழைய மையத்துக்குப் பெயர் சிட்டி ஆஃப் லண்டன். இனி இதைச் சிட்டி என்றே குறிப்பிடுகிறேன். பரப்பு 2.9 சதுர கிலோமீட்டர், அதாவது ஒரு சதுர மைலுக்குச் சற்று மேல். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர். நாம் வரைபடத்தில் பார்க்கும் பெரிய லண்டனுக்குப் பெயர் கிரேட்டர் லண்டன். அதன் பரப்பு 1,572 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 88 லட்சம். கிரேட்டர் லண்டனுக்குள் சிட்டியும், அதோடு 32 பரோக்களும் இருக்கின்றன. பரோ என்பது தனித் தேர்தலும் தனிக் கவுன்சிலும் சொந்தமாக வரி வசூலிக்கும் அதிகாரமும் உள்ள உள்ளாட்சி. மேலே இருந்து உத்தரவு வந்தால் செய்கிற மண்டல அலுவலகம் என்று நினைத்துவிடக் கூடாது.

## ஆறும் பாலமும் சுவரும்

லண்டனைத் தொடங்கியவர்கள் ரோமானியர்கள், ஏறக்குறைய கி.பி. 50 வாக்கில். இடத்தை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. தேம்ஸ் ஆற்றில் கடல் ஓதம் வெகுதூரம் உள்ளே வரும். ஓதம் ஏறும்போது கப்பல்களும் அதோடு ஏறி வந்துவிடலாம். அதே சமயம் பாலம் கட்டும் அளவுக்கு ஆறு குறுகலாகவும் கரை உறுதியாகவும் இருக்க வேண்டும். கடலில் இருந்து வரும்போது இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த இடம் அது. கப்பல் வந்து நிற்கும் இடத்திலேயே சாலையும் ஆற்றைக் கடந்தது. சந்தை கூட வேறு என்ன வேண்டும்? அவர்கள் வைத்த பெயர் லோண்டினியம்.

கி.பி. 60 அல்லது 61இல் ரோமானியர்களை எதிர்த்துக் கிளம்பிய பூடிக்கா என்ற அரசி ஊரையே கொளுத்திவிட்டாள். இன்றும் சிட்டியில் புதுக் கட்டடத்துக்கு ஆழமாகத் தோண்டினால், அந்த நெருப்பில் வெந்து சிவந்த மண் ஒரு தனிப் படுகையாகத் தென்படுகிறது. ஊர் மறுபடி எழுந்தது. கி.பி. 200 வாக்கில் ஆற்றை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் சுவர் எழுப்பினார்கள். டவர் ஹில் நிலத்தடி ரயில் நிலையத்தில் இருந்து வெளியே வந்தால் அதன் ஒரு துண்டு இப்போதும் நிற்பதைப் பார்க்கலாம். அடிப்பகுதியில் சாம்பல் நிறக் கல் வரிசைகளுக்கு இடையே சிவப்புச் செங்கல் ஓடுகள் கோடு போட்டது போல ஓடும். அதுதான் ரோமானிய வேலை. மேலே இருப்பது பிற்காலத்தவர் உயர்த்திக் கட்டியது.

இந்தச் சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சிட்டியின் எல்லை, ஏறக்குறைய இந்தச் சுவரும் அதை ஒட்டி வெளியே இருந்த சில தெருக்களும்தான்.

கி.பி. 410 வாக்கில் ரோமானியர்களின் ஆட்சி முடிந்தது. அடுத்து வந்த சாக்சன்கள் சுவருக்குள் குடியேறாமல் மேற்கே, இன்றைய கோவென்ட் கார்டன் பக்கம் ஊர் அமைத்தார்கள். வைக்கிங் படையெடுப்புகளால் அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை. 886இல் ஆல்பிரட் என்ற அரசர் பழைய சுவருக்குள்ளேயே மக்களைத் திரும்பக் குடியேற்றினார். கைவிடப்பட்ட சுவருக்கு ஐந்நூறு வருடம் கழித்து மறுபடி வேலை வந்தது.

## அரசர் மேற்கே, வியாபாரி கிழக்கே

11ஆம் நூற்றாண்டில் லண்டனின் தலையெழுத்தை நிர்ணயித்த ஒரு முடிவு எடுக்கப்பட்டது. எட்வர்டு என்ற அரசர் பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்ட விரும்பினார். வியாபாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த சுவருக்குள் அதைக் கட்டாமல், ஆற்றின் வழியே மேற்கே இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுப்பு நிலத் திட்டில் கட்டினார். அரண்மனையும் அதன் பக்கத்திலேயே அமைந்தது. அதுதான் வெஸ்ட்மின்ஸ்டர். 1065 டிசம்பரில் தேவாலயத்தைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நார்மண்டியில் இருந்து வந்து நாட்டைப் பிடித்த வில்லியம் அங்கேயே முடிசூட்டிக்கொண்டார்.

ஆக, பணம் ஓரிடத்திலும் அதிகாரம் இன்னோரிடத்திலும் உட்கார்ந்துகொண்டன. இன்றைக்கும் அப்படியேதான். பார்லிமென்ட், பிக் பென், பிரதமரின் டவுனிங் தெரு வீடு, பக்கிங்ஹாம் அரண்மனை, டிராஃபால்கர் சதுக்கம் எல்லாமே வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கின்றன. லண்டன் என்று சொன்னதும் நம் கண்ணில் வருகிற காட்சிகளில் பாதிக்கு மேல் சிட்டி ஆஃப் லண்டனில் இல்லை. இங்கிலாந்து வங்கி, செயின்ட் பால்ஸ் பேராலயம், ஓல்டு பெய்லி நீதிமன்றம் ஆகியவை சிட்டிக்குள் இருப்பவை.

வில்லியம் நாட்டை வென்றார், ஆனால் லண்டன் வியாபாரிகளைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. 1067இல் அவர்களுக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். பட்டயம் என்றால், இன்ன உரிமை உங்களுக்கு உண்டு என்று அரசர் எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கும் ஆவணம். அது இன்னும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. பெரிய சாசனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். நீளம் சுமார் 6 அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம் உள்ள தோல் துண்டு, சில வரி எழுத்து, அவ்வளவுதான். அரசரின் மொழி பிரெஞ்சு. பட்டயம் எழுதப்பட்டதோ அந்த மக்களின் பழைய ஆங்கிலத்தில். எட்வர்டு அரசர் காலத்தில் உங்களுக்கு இருந்த சட்டங்கள் தொடரும், தகப்பன் சொத்து பிள்ளைக்குச் சேரும், உங்களுக்கு யாரும் அநீதி செய்ய விடமாட்டேன் என்று அது சொல்கிறது. எனக்கு இதில் பிடித்தது அதன் சுருக்கம். பயந்து போயிருந்த ஊருக்கு என்ன வாக்குறுதி தேவையோ, அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள்.

வாக்குறுதியை அவர்கள் மொழியில் கொடுத்தவர், சுவரின் கிழக்கு ஓரத்தில் ஒரு கோட்டையையும் கட்டினார். அதுதான் லண்டன் டவர். ஊருக்குக் காவல், ஊர்மேல் ஒரு கண். இரண்டுக்கும் அது உதவியது. நிர்வாகக் கணக்கில் இன்றும் அந்தக் கோட்டை சிட்டிக்குள் வராது, பக்கத்து டவர் ஹாம்லெட்ஸ் பரோவில் வருகிறது.

பிறகு வந்த அரசர்களுக்குப் பணம் தேவைப்பட்ட போதெல்லாம் சிட்டி கொடுத்தது, பதிலுக்கு உரிமை கேட்டது. 1189 வாக்கில் முதல் மேயர் வந்தார். 1215இல் ஜான் அரசர், ஆண்டுதோறும் மேயரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பட்டயம் கொடுத்தார். ஒரு நிபந்தனை வைத்தார்: புது மேயர் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். நவம்பர் மாத சாரட்டு ஊர்வலம் அந்தப் பயணத்தின் தொடர்ச்சிதான். சாரட்டே 1757இல் செய்தது.

இந்தப் பட்டய முறைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒரு பட்டயத்தின் மூலம் பிறந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் தலைமையகம் சிட்டியில் லெடன்ஹால் தெருவில் இருந்தது. இப்போது லாயிட்ஸ் இன்சூரன்ஸ் கட்டடம் நிற்கும் இடம் அது. 1687இல் அந்தக் கம்பெனி மெட்ராசுக்கு ஒரு பட்டயம் கொடுத்தது. மேயர், ஆல்டர்மன் (மூத்த கவுன்சில் உறுப்பினர்) என்று ஆங்கில ஊர்களின் அதே அச்சில் வார்த்த ஒரு மாநகராட்சி, 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. செப்டம்பர் 29 சிட்டியில் லார்டு மேயரைத் தேர்ந்தெடுக்கும் நாள். ரிப்பன் கட்டடத்தின் பரம்பரை அந்தச் சதுர மைலுக்குப் போய்ச் சேர்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். சுவருக்குள் வியாபாரிகளின் சிட்டி, பட்டயங்களால் தன்னாட்சி பெற்றது. மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர், அரசரும் பார்லிமென்டும் இருக்கும் இடம். இரண்டும் வேறு வேறு ஊர்கள். கிரேட்டர் லண்டன் இன்னும் பிறக்கவே இல்லை.

## சுவருக்கு வெளியே பெருகிய ஜனம்

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. புடிங் லேன் என்ற சந்தில் ஒரு பேக்கரியில் பிடித்த தீ நான்கு நாள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பலாயின. பழைய செயின்ட் பால்ஸும் போயிற்று. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் போன்றவர்கள் அகன்ற நேர்ச் சாலைகளோடு புது நகர வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் எரிந்த மனை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். யாரும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அதனால் மரத்துக்குப் பதில் செங்கல்லும் கல்லும் வந்தன; தெருக்கள் பெரும்பாலும் பழைய வளைவிலேயே திரும்ப எழுந்தன. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே இன்றும் சிட்டியின் சந்துகள் நெளிந்து நெளிந்து போவது இதனால்தான்.

வசதியானவர்கள் பலர் மேற்கே நகர்ந்தார்கள். துறைமுகக் கூலிகளும் கைத்தொழிலாளர்களும் கிழக்கே பெருகினார்கள். சுவருக்கு வெளியே வளரும் இந்தப் பகுதிகளைப் பொறுப்பேற்கும்படி 1630களிலேயே அரசு தரப்பு சிட்டியைக் கேட்டிருந்தது. சிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வெளியாட்களைச் சேர்த்துக்கொண்டால் தன் சலுகைகளையும் அவர்களோடு பங்குபோட வேண்டும், அவர்களுடைய ஏழ்மையின் செலவையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் லண்டன் வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் இந்த மறுப்புதான். தீயைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

1801இல் லண்டன் என்று மக்கள் அழைத்த பரப்பில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் சிட்டிக்குள் இருந்தவர்கள் சுமார் 1.28 லட்சம்தான். மீதிப் பேரை யார் நிர்வகித்தது? ஒவ்வொரு தேவாலயத்தையும் சேர்ந்த வட்டாரங்களின் ஊர்க்குழுக்கள், தெரு விளக்குக்கு ஒரு குழு, தளம் போட ஒரு குழு, சாக்கடைக்கு ஒரு குழு என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 300 அமைப்புகள் இருந்தன. 1835இல் இங்கிலாந்தின் நகராட்சிகளைச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோதும் லண்டனை மட்டும் விட்டுவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய நகரத்துக்கு மொத்தமாக ஒரு நிர்வாகம் கிடையாது.

## நாற்றம் செய்த வேலை

அரசர்களாலும் சட்டங்களாலும் முடியாததைச் சாக்கடை செய்து காட்டியது.

அப்போது வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறைகள் பெருகின. முன்பெல்லாம் மலக்குழியில் தேங்கி, ஆள் வைத்து அள்ளப்பட்ட கழிவு, இப்போது மழைநீர்க் கால்வாய்கள் வழியே நேராக தேம்ஸில் போய் விழுந்தது. குடிதண்ணீர்க் கம்பெனிகள் பல அதே தேம்ஸில் இருந்து தண்ணீர் எடுத்தன. காலரா அலை அலையாக வந்தது. 1854இல் பிராட் தெருவில் ஒரு கைப்பம்பைச் சுற்றிய வீடுகளில்தான் சாவு அதிகம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கணக்கெடுத்துக் காட்டினார். தண்ணீரால் நோய் பரவுகிறது என்றார். பெரும்பாலோர் நம்பவில்லை. கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை.

1855இல் பார்லிமென்ட் ஒரு பெருநகரப் பணிகள் வாரியத்தை அமைத்தது. ஊர்க்குழு எல்லைகளைத் தாண்டி லண்டன் முழுவதற்கும் என்று வந்த முதல் அமைப்புகளில் இதுவே முக்கியமானது. அதன் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட். திட்டம் தயார். ஆனால் பணமும் அனுமதியும் இழுத்துக்கொண்டே போயின. அப்புறம் வந்தது 1858 கோடை. வெயிலில் ஆறு புழுங்கி எழுந்த நாற்றம், கரையிலேயே இருந்த பார்லிமென்ட்டுக்குள் புகுந்தது. குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. சில வாரங்களிலேயே சட்டம் நிறைவேறிவிட்டது.

பேசல்ஜெட்டின் யோசனை எளிமையானது. கழிவு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி ஓடுகிறது. அப்படியானால் ஆற்றுக்கு இணையாக, மேற்கில் இருந்து கிழக்காகப் பெரிய செங்கல் சுரங்கங்களைக் கட்டி நடுவிலேயே அதைத் தடுத்துப் பிடி. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வாகப் போகும்படி அமைத்தால் தானாக ஓடும். முடியாத இடத்தில் நீராவிப் பம்பு வைத்துத் தூக்கு. நகருக்கு வெகு கீழே, ஓதம் இறங்கும் நேரத்தில் ஆற்றில் விடு. விக்டோரியா எம்பேங்மென்ட் என்று இன்று நாம் நடந்து போகும் அழகான ஆற்றங்கரைச் சாலைக்குக் கீழே அந்தச் சுரங்கங்களில் ஒன்று ஓடுகிறது. பக்கத்திலேயே நிலத்தடி ரயிலும் ஓடுகிறது. 1866இல் காலரா கடைசியாக ஒருமுறை வந்தபோது, புதுச் சாக்கடை இன்னும் முடியாத கிழக்குப் பகுதியில்தான் பெரும்பாலும் ஆட்களைக் கொன்றது. நாற்றத்தைப் போக்கக் கட்டியது நோயையும் போக்கிவிட்டது, ஸ்னோ சொன்னது சரி என்பதால்.

நிர்வாகத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், இப்படிப்பட்ட சுரங்கத்தை எந்த ஊர்க்குழுவும் தனியாகக் கட்ட முடியாது. மேல்பகுதியின் கழிவு கீழ்ப்பகுதியின் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரே மலக்கால்வாயில் இணைந்தபோதுதான் லண்டன் நிர்வாகத்தில் ஒரே ஊர் ஆகத் தொடங்கியது.

## கலைத்துக் கலைத்துக் கட்டிய நிர்வாகம்

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1863இல் பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே உலகின் முதல் நிலத்தடி ரயில் ஓடியது. ரயில்கள் குடியிருப்பை வெளியே தள்ளின. சிட்டி அலுவலகங்களின் ஊராக மாறி, 1901இல் அங்கே குடியிருந்தவர்கள் 27,000க்கும் கீழே போய்விட்டார்கள். அதே நேரம் சுற்றியுள்ள மொத்த லண்டன் 65 லட்சத்தைத் தொட்டிருந்தது. 1889இல் தேர்தல் மூலம் அமைந்த லண்டன் கவுன்டி கவுன்சில் வந்தது. நகரம் அதன் எல்லையையும் தாண்டிப் பெருகவே, 1965 ஏப்ரல் 1 அன்று கிரேட்டர் லண்டன் பிறந்தது. 32 பரோக்களும் அப்போது வந்தவை. நாம் இன்று லண்டன் என்று சொல்லும் ஊருக்கு, நிர்வாகக் கணக்கில் வயது அறுபதுக்குச் சற்று மேல்தான்.

அந்தப் புது லண்டனை ஆண்ட கிரேட்டர் லண்டன் கவுன்சிலின் கட்டடம் பார்லிமென்ட்டுக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில் இருந்தது. 1980களில் அதன் தலைவராக இருந்த கென் லிவிங்ஸ்டன், லண்டனில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையைக் கட்டடத்தின் உச்சியில், பார்லிமென்ட்டைப் பார்த்தபடி பெரிய எழுத்தில் வைத்தார். பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு 1986இல் அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டது. அடுத்த 14 வருடம் இவ்வளவு பெரிய ஊருக்குப் பொதுவான தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லை. 1998இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2000இல் முதன்முறையாக லண்டன் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர் அதே கென் லிவிங்ஸ்டன்.

இத்தனை மாற்றத்திலும் சிட்டியின் எல்லையையும் லார்டு மேயரையும் யாரும் பெரிதாகத் தொடவில்லை.

## ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு

இன்றைக்கு எது யார் பொறுப்பு என்பதைப் புரிந்துகொள்ள, தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது நியூஹாம் என்ற பரோவில் இருக்கிறது. குப்பை, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் நியூஹாம் கவுன்சிலின் வேலை. வீட்டு வரியையும் அதுதான் வசூலிக்கிறது. அதில் ஒரு பங்கு லண்டன் மேயருக்குப் போகும். பஸ், நிலத்தடி ரயில், தீயணைப்பு, லண்டன் போலீஸ், நகர வளர்ச்சித் திட்டம் ஆகியவை மேயரின் பார்வையில் வருபவை. அந்த வீட்டுக்காரருக்கு லார்டு மேயரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. அவர் சிட்டிக்கு வேலைக்குப் போனால், அங்கே தொப்பியில் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குப் பதில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட போலீஸைப் பார்ப்பார். அது சிட்டியின் சொந்தப் போலீஸ்.

1965 வரை இந்த ஈஸ்ட் ஹாம் எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஹேரோ மிடில்செக்ஸில் இருந்தது, விம்பிள்டன் சர்ரேயில். மிடில்செக்ஸ் மாவட்டமே ஏறக்குறைய முழுதாக லண்டனில் கரைந்துவிட்டது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும், மிடில்செக்ஸ் அணி இன்னும் லார்ட்ஸில் ஆடுகிறது. சர்ரே அணியின் ஓவல் மைதானமும் இப்போது சர்ரேயில் இல்லை, லண்டனின் லேம்பெத் பரோவில் இருக்கிறது.

சுருக்கமாக: பரோ வீட்டு வாசல் வேலையைப் பார்க்கிறது, மேயர் ஊர் முழுவதும் ஓடுகிற விஷயங்களைப் பார்க்கிறார், லார்டு மேயர் சதுர மைலுக்கு உரியவர்.

## அப்படியானால் சிட்டி தனி நாடா?

இல்லை. பார்லிமென்ட் இயற்றும் சட்டம் அங்கேயும் செல்லும், வரிச் சட்டமும் சேர்த்து. மன்னர் அரசுமுறையாக வரும்போது டெம்பிள் பார் என்ற எல்லையில் நின்று, லார்டு மேயர் நீட்டும் வாளைத் தொட்டுத் திருப்பிக் கொடுப்பது உண்மைதான். வாளை ஒப்படைப்பது மன்னருக்குக் கீழ்ப்படிகிறோம் என்பதற்கு அடையாளம். அதை அப்படியே தலைகீழாக்கி, அனுமதி வாங்குகிறார் என்று பரப்பிவிட்டார்கள்.

இந்தக் கட்டுக்கதையின் பெரிய கெடுதல், கேட்க வேண்டிய உண்மையான கேள்வியை அது மறைத்துவிடுகிறது. சிட்டியின் தேர்தலில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் வாக்கு இல்லை. அங்கே இயங்கும் நிறுவனங்களும் தங்கள் ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்காளர்களை நியமிக்கலாம். நாட்டின் மற்ற இடங்களில் இப்படிப்பட்ட வியாபார வாக்கை 1969இல் எடுத்துவிட்டார்கள். சிட்டியில் மட்டும் வைத்தார்கள், 2002இல் ஒரு சட்டத்தால் அதை விரிவாக்கவும் செய்தார்கள். வாக்காளர் பட்டியலில் குடியிருப்போரைவிட இவர்களே அதிகம். தினமும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கு வரும் இடத்தை 8,600 பேர் மட்டும் தீர்மானிப்பது சரியா என்று சிட்டி கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் வாக்காளரை நியமிப்பது அந்த ஊழியர்கள் இல்லை, நிறுவனம். எனக்கு இது ஜனநாயகமாகத் தெரியவில்லை.

லார்டு மேயர் தேர்வு இன்னும் பழைய வழியில் நடக்கிறது. லிவரி கம்பெனிகள் எனப்படும் பழைய தொழில் குழுக்களின் உறுப்பினர்கள் கூடித்தான் தேர்வைத் தொடங்குகிறார்கள். மீன் வியாபாரிகள், தையற்காரர்கள், பொற்கொல்லர்கள் என்று இடைக்காலத்தில் தொழில்வாரியாகத் தோன்றியவை இவை. பலவற்றுக்கு அந்தத் தொழிலோடு இப்போது தொடர்பு இல்லை. பொற்கொல்லர் கம்பெனியோ இன்றும் தங்கத்தைச் சோதித்து ஹால்மார்க் முத்திரை போடுகிறது.

லண்டன் நிதி மையம் என்று செய்திகளில் வந்தால் அது சிட்டியை மட்டும் குறிப்பதில்லை. கிழக்கே டவர் ஹாம்லெட்ஸ் பரோவில், மூடிப்போன பழைய கப்பல்துறைகள் மேல் எழுந்த கேனரி வார்ஃபிலும் பெரிய வங்கிகள் இருக்கின்றன. அந்த இடத்தின் மேல் லார்டு மேயருக்கு அதிகாரம் கிடையாது.

கடைசியாக, நகரம் என்ற பட்டத்தைப் பற்றி. பிரிட்டனில் அதை மன்னர் பெயரால்தான் வழங்குவார்கள். மக்கள்தொகைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கிரேட்டர் லண்டனுக்குள் அந்தப் பட்டம் இருப்பது இரண்டு இடங்களுக்கு மட்டும்: சிட்டிக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும். மொத்த கிரேட்டர் லண்டனுக்கே அது இல்லை. தெற்கே க்ராய்டன் பரோவில் சுமார் 3.9 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2000, 2012 உட்படப் பலமுறை விண்ணப்பித்தும் க்ராய்டனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.